திருக்கயிலையும் அதன் கூழாங்கற்களும்



இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களுள் முதல்வராகிய விருஷபதேவர் வீடுபேறு எய்திய தலம் கயிலைமலை என்பதை நம் இல்லத்துச் சிறு குழந்தையும் அறியும். வாசுபூஜ்யர்க்குச் சம்பாபுரி, நேமிநாதர்க்கு ஊர்ஜயந்தகிரி, மகாவீரர்க்குப் பாவாபுரி, ஏனைய இருபதின்மர்க்குச் சம்மேதகிரி என்று நிர்வாணத் தலங்களை வரிசையாகச் சொல்லும்போது முதலில் நம் நாவில் எழுவது கயிலையே. ஆயின் அம்மலை எத்தகையது, எதனால் ஆயது, எவ்வாறு எழுந்தது என்று நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

ஒரு மாணவியின் வினா

இவ்வெண்ணம் நமக்குத் தானாகத் தோன்றியதன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் புவியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கரும்பலகையில் இமயமலைத் தொடரை வரைந்து, முன்னொரு காலத்தில் அங்கே டெத்திஸ் என்னும் கடல் இருந்தது, இரு பெரு நிலப்பரப்புகள் நெருங்கியபோது கடலடி மண் மடிந்து மலையாக எழுந்தது என்று விளக்கினோம். முன்வரிசையில் இருந்த நம் சமூகத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அங்கே கடல் இருந்ததென்றால் ஆதிபகவன் வீடுபெற்ற மலை அப்போது எங்கே இருந்தது?" என்று கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "இது புவியியல் வகுப்பு. பாடத்தை மட்டும் கவனி" என்று கூறி அவளை உட்காரச் செய்தோம்.

மாணவர் கேட்கும் வினாவே கல்வியின் தொடக்கம், அதனை அடக்குதல் ஆசிரியர்க்குத் தகாது என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தேர்வுத்தாளில் விரிவாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர் நாம். அன்று உட்கார்ந்த பெண் அவ்வாண்டு முழுவதும் நம் வகுப்பில் மறுபடி ஒரு வினாவும் எழுப்பவில்லை. சமயத்திற்கு ஒரு பெட்டி, அறிவியலுக்கு ஒரு பெட்டி என வைத்து, ஒன்றைத் திறக்கும்போது மற்றொன்றைப் பூட்டிய பிழை நம்முடையதே. ஓய்வு பெற்ற பின்னர்க் கயிலையைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தோம். அவளுக்கு அன்று தரத் தவறிய விடையை இன்று இப்பக்கங்களில் தர முயல்கின்றோம்.

மலை நிற்கும் இடம்

கயிலை இமயமலைத் தொடரில் இருப்பதாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் இமயத்தின் பெருந்தொடரைக் கடந்து, அதற்கு வடக்கே, திபேத்தின் மேற்குப் பகுதியில் கங்திசே என்னும் வேறொரு தொடரில் அது நிற்கின்றது. அதன் உயரம் பழைய நூல்களில் 22,028 அடி என்று காணப்படும். இன்று 6,638 மீட்டர் என்று கொள்கின்றனர். எவரெஸ்டு சிகரம் 8,848 மீட்டருக்கும் மேற்பட்டது. எனவே உயரத்தால் பெருமை பெற்ற மலையன்று கயிலை. சுற்றிலும் உள்ள சிகரங்களினின்று விலகித் தனித்து, நான்கு திசைக்கும் நான்கு முகம் காட்டி, தலையில் பனி சுமந்து நிற்பதே அதன் சிறப்பு.

மலைக்குத் தெற்கே, ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் மானசரோவரம் என்னும் நன்னீர் ஏரி உள்ளது. அதற்கு மேற்கே உவர்ப்புச் சுவையுடைய இராட்சசத்தால் ஏரி. இவற்றிற்கும் தெற்கே 7,694 மீட்டர் உயர்ந்த குர்லா மாந்தாத்தா சிகரம். அதனைத் திபேத்தியர் நைமோனன்யி என்பர். கயிலையை வலம் வரும் பாதையின் நீளம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர். அப்பாதையின் உச்சியாகிய தோல்மா கணவாய் 5,630 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே மூச்சு வாங்காதார் இலர்.

நான்கு பேராறுகள் இவ்வட்டாரத்தில் தோன்றுகின்றன. வடக்கே சிந்து, கிழக்கே பிரம்மபுத்திரா, மேற்கே சட்லெஜ், தெற்கே கர்ணாலி. இவற்றுள் கர்ணாலியை நாம் சற்று உற்று நோக்க வேண்டும். அது நேபாளத்தின் வழியே இறங்கிக் காக்ரா என்று பெயர் பெறுகின்றது. அதே ஆறு அயோத்தியின் அருகே ஓடும்போது சரயு என்று வழங்கப்படுகின்றது. விருஷபதேவர் பிறந்த நகரம் அயோத்தி அன்றோ? ஆற்றின் கீழ்ப்பகுதியில் பிறந்தவர், அரசும் செல்வமும் துறந்து, அந்நீர் புறப்படும் திசையில் வீடு பெற்றார். எல்லா உயிரும் வினையின் ஓட்டத்தோடு கீழ்நோக்கிச் செல்ல, ஓட்டத்திற்கு எதிராக நடந்தவர் அவர் என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சம் நெகிழ்கின்றது.

கல்லின் வரலாறு

1936ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு நிலவியல் அறிஞர் அகுஸ்தோ கான்சர், அயலார்க்கு மூடப்பட்டிருந்த திபேத்துக்குள் பௌத்த யாத்திரிகர் வேடம் பூண்டு நுழைந்தார். கயிலையின் தென்புறத்தே அவர் கண்டவற்றுள் பழைய கடலின் அடித்தளத்தைச் சேர்ந்த பாறைகளும் இருந்தன. கடலுக்கு எத்தனையோ தொலைவில், வானளாவிய மேட்டுநிலத்தில், கடலடிப் பாறை! தெற்கிலிருந்து நகர்ந்து வந்த இந்திய நிலத்தட்டும் வடக்கே இருந்த ஆசிய நிலத்தட்டும் பொருந்திய தையற்கோடு அவ்வழியே செல்கின்றது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அவ்விரு தட்டுகளும் மோதத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்பர். இந்திய நிலம் இன்றும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றது.

இனி, சிகரம் எதனால் ஆயது? ஒரே கருங்கல்லால் ஆயது என்று எண்ணுவோம். அடியில் கிரானைட் என்னும் கருங்கல் உண்டு. அது பூமியின் உள்ளே உருகிக் குளிர்ந்த பழம்பாறை. ஆயின் அதன்மேல் எழுந்து நிற்கும் சிகரமோ கூழாங்கற்களால் ஆயது! ஆற்றில் உருண்டு வழவழப்பான கற்களும் மணலும் சேர்ந்து இறுகிய படிவுப்பாறை அது. திரள்பாறை என்று அதனைச் சொல்லலாம்.

ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், அவ்விடம் சிகரமாக இருக்கவில்லை, பள்ளமாக இருந்தது. வடக்கே இருந்த பழைய மலைகள் மழையாலும் வெள்ளத்தாலும் தேய்ந்தன. அவற்றின் கருங்கல்லும் எரிமலைக் கல்லும் உடைந்து, ஆறுகளில் உருண்டு, முனை மழுங்கி, அப்பள்ளத்தில் வந்து குவிந்தன. நடுநடுவே ஏரிகள் தோன்றிச் சேறு படிந்தது. அப்படிவுகளில் செடிகொடிகளின் எச்சமும் நிலக்கரியும் கிடைத்துள்ளன. மேலே மேலே குவிந்தவற்றின் எடையால் அடியில் இருந்தவை இறுக, நிலத்தடி நீர் கொணர்ந்த கனிமங்கள் பசைபோல் அவற்றைப் பிணித்தன. பின்னர் நிலம் உயர்ந்தது. ஆறுகள் வழி மாறின. பள்ளம் மலையாயிற்று.

பனியின் தொழில்

மலைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது பனி. பகலில் உருகிய நீர் பாறையின் வெடிப்புக்குள் இறங்குகின்றது. இரவில் உறையும்போது நீரின் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுவதால் வெடிப்பு மயிரிழை அகலம் விரிகின்றது. மறுநாள் மீண்டும் உருகல், மீண்டும் உறைதல். இவ்வாறு எண்ணற்ற இரவுகள் கழிந்தபின் ஒரு கல் கழன்று விழுகின்றது.

சரிவுகளில் தங்கிய பனியோ ஆண்டுதோறும் அழுந்திப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து பனியாறாகின்றது. அது தன்னுள் சிக்கிய கற்களைக் கொண்டு அரம் போல் மலையை அராவுகின்றது. பல புறங்களிலும் இவ்வாறு அரிக்கப்பட்டதால் செங்குத்தான முகங்கள் தோன்றின. படுக்கை படுக்கையாகக் கிடந்த அடுக்குகளில் மென்மையானவை முன்னே தேய, உறுதியானவை நீண்டு நிற்க, மலையெங்கும் படிகள் செதுக்கியது போன்ற தோற்றம் உண்டாயிற்று. தென்முகத்தில் மேலிருந்து கீழாக ஒரு நெடும் பிளவு ஓடுகின்றது. அது கிடையான அடுக்குகளைக் குறுக்கே வெட்டுவதால் சுவஸ்திகம் போல் தோன்றுகின்றது என்று அன்பர்கள் வணங்குகின்றனர்.

வினாவுக்கு விடை

இப்பொழுது அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். கடல் இருந்த இடத்தில் மலை வந்தது, மலை தேய்ந்து கல்லாயிற்று, கல் திரண்டு மீண்டும் மலையாயிற்று என்றால் நம் சமயத்திற்கு அது முரணாகுமா?

ஆகாது. உள்பொருள் ஒவ்வொன்றிலும் தோற்றம், கேடு, நிலைபேறு என்னும் மூன்றும் ஒருங்கே உண்டு என்பது ஜினர் அருளிய அடிப்படை. மலை என்னும் நிலை தோன்றும், அழியும். அதனை ஆக்கிய புற்கலம் வேறு நிலை எய்தித் தொடரும். மேலும், பரதகண்டம் காலச்சக்கரத்தின் ஏற்ற இறக்கத்திற்கு உட்பட்டது என்றே நம் ஆகமம் கூறுகின்றது.  வீடுபெற்ற உயிரின் தூய நிலையோ மாறாதது.

புராணத்தின் காலக் கணக்கையும் பாறையின் காலக் கணக்கையும் ஒரே அளவுகோலில் பொருத்திவிட்டோம் என்று நாம் சொல்லவில்லை. இன்று திபேத்தில் நிற்கும் சிகரமே புராணம் கூறும் கயிலை என்பதும் மரபு போற்றும் நம்பிக்கை. அகழ்ந்து கண்ட சான்றால் நிறுவப்பட்டதன்று. இதனை ஒளிவின்றிச் சொல்வதால் பக்தி குறைந்துவிடாது. ஒரு பொருளைப் பல நயங்களால் நோக்குக என்று கற்பித்த சமயம் நம்முடையது. பௌத்தரும், பொன் சமயத்தாரும், சைவரும் அதே மலையைத் தத்தம் முறையில் தொழுகின்றனர். பௌத்தர் வலமாகச் சுற்ற, பொன் சமயத்தார் இடமாகச் சுற்றுகின்றனர். பாதையில் எதிரெதிரே வரும்போது ஒருவர்க்கொருவர் வழிவிட்டுச் செல்வதே அநேகாந்தத்தின் நடைமுறைப் பாடமன்றோ?

"எனக்குத் தெரியவில்லை அம்மா, இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்று அன்று நாம் சொல்லியிருக்கலாம். சத்தியம் என்னும் அணுவிரதம் வகுப்பறைக்கும் உரியது.

எண்வினையும் எட்டுப் படியும்

கயிலைக்கு அஷ்டாபதம் என்றும் பெயருண்டு. எட்டுப் படிகளை உடையது என்பது பொருள். மலையின் படிகளைப் படத்தில் காணும்போதெல்லாம் நமக்கு ஓர் உவமை தோன்றும். இது நம் உவமையே. ஆகமப் பொருளாக எவரும் கொள்ள வேண்டா.

ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், வேதநீயம், மோகநீயம், ஆயுஷ்யம், நாமம், கோத்திரம், அந்தராயம் என வினை எட்டு. இவை உயிரின்மேல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. ஆறு கற்களைக் கொணர்ந்து பள்ளத்தில் கொட்டியது போல மனம், மொழி, மெய் வழியே வினை வந்து சேர்வது ஊற்று. பசை கற்களைப் பிணித்தது போலச் சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் கஷாயங்கள் வினையை உயிரோடு பிணிப்பது கட்டு. நிலம் உயர்ந்து ஆறு வழி மாறியதும் புதுக்கல் வருவது நின்றதே, அது செறிப்பு. இரவுதோறும் பனி வெடிப்பை மயிரிழை அகலப்படுத்தி ஒவ்வொரு கல்லாகக் கழற்றுகின்றதே, அது உதிர்ப்பு.

இவ்வுவமையில் நமக்கு மிகவும் ஆறுதல் தருவது பனியின் பொறுமை. ஓர் இரவில் அது எதையும் சாதிப்பதில்லை. நாம் ஒரு நாள் உண்ணாநோன்பு இருந்துவிட்டு, மறுநாள் மருமகளிடம் சினந்து பேசிவிட்டு, "இத்தனை நோன்பு நோற்றும் மனம் திருந்தவில்லையே" என்று சோர்ந்து போகின்றோம். ஒரு நாள் உறைதலில் கல் கழல்வதில்லை. ஆயினும் அந்த ஒரு நாள் வீணும் ஆவதில்லை.

உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. கற்கள் யாவும் உதிர்ந்துவிட்டால் அங்கே மலை இராது. அது கற்களின் திரளே ஆதலால். உயிரோ வினைகளின் திரளன்று. எட்டு வினையும் உதிர்ந்தபின் அழிவற்ற அறிவும் காட்சியும் ஆற்றலும் இன்பமும் உடையதாய் அது விளங்கும். மலை தேயத் தேய இல்லாமற் போகும். உயிர் வினை தேயத் தேயத் தானாகும். விருஷபதேவர் கயிலையின் மேல் அடைந்தது இதனையே. கயிலை ஒருநாள் மணலாகிக் கடலைச் சேர்ந்தாலும் அவர் அடைந்த நிலைக்கு ஒரு குறையும் இல்லை.

மலையைப் பெயர்த்தவன்

கயிலையின் உச்சியில் மனிதர் ஏறியதாகச் செய்தியில்லை. 1980களில் புகழ்பெற்ற மலையேற்ற வீரர் ரெயின்ஹோல்ட் மெஸ்னருக்கு அனுமதி கிடைக்கும் நிலை இருந்தும் அவர் ஏற மறுத்தார். ஏறக்கூடியவர் ஏறாதிருப்பதும் ஓர் அடக்கமே.

அடக்கமின்மைக்கு நம் புராணத்தில் ஒரு கதை உண்டு. வாலி முனிவர் கயிலையில் தவம் புரிந்திருந்தபோது, தன் விமானம் தடைப்பட்ட சினத்தால் இராவணன் மலையையே பெயர்த்துக் கடலில் எறிய முற்பட்டான். பரதச் சக்கரவர்த்தி அமைத்த ஜினாலயங்கள் சிதையுமே என்று முனிவர் கால்விரலால் மலையை அழுத்தினார். இராவணன் செருக்கழிந்து வணங்கினான்.

இன்றும் அம்மலைப்பகுதி அசைக்கப்படுகின்றது. தோளால் அன்று, புகையால். 2006ஆம் ஆண்டு குர்லா மாந்தாத்தாவின் பனியாற்றில் அறிஞர்கள் ஆழத் துளையிட்டுப் பனித்தண்டு எடுத்தனர். 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சுத் தடயம் உலகின் பல பனியாறுகளில் ஓர் அடுக்காகப் படிந்து கிடக்கும். இங்கே அத்தடயம் இல்லை. அவ்விடம் தூயது என்று மகிழ இயலாது. 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, 1950ஐ ஒட்டிய காலத்திற்குப் பின் விழுந்த பனி அங்கே தங்காமல் உருகிப்போயிற்று என்பதே காரணம்.

பனியும் நீருடல் உயிர்களுள் அடங்கும் என்று கற்ற நாம் இதனை எங்கோ நிகழும் செய்தியாகக் கருதலாமா? நிலத்திற்கும் நீருக்கும் ஓரறிவு உண்டு என்று உலகுக்குச் சொன்ன மரபில் பிறந்தவர்க்கு மிகுபொருள் விரும்பாமை வெறும் நோன்பன்று. வேண்டாத விளக்கை அணைப்பது முதல் வேண்டாத பயணத்தைத் தவிர்ப்பது வரை அன்றாடக் கடமை.

செல்ல இயலாதோர்க்கு

நடுவணரசு 1981 முதல் நடத்திவரும் கயிலை யாத்திரை 2020இல் தடைப்பட்டு 2025இல் மீண்டும் தொடங்கியது. அதில் எழுபது வயதைக் கடந்தவர்க்கு இடமில்லை. அவ்வயதை நாமும் கடந்துவிட்டோம். கயிலையைக் கண்ணால் காணும் ஆசை இனி நிறைவேறாது என்று அறிந்த நாளில் சற்றே கண் கலங்கியது உண்மை. பிறகு திசைவிரதம் நினைவுக்கு வந்தது. இத்திசையில் இவ்வளவு தொலைவு, இதற்கு மேல் செல்லேன் என்று தானே எல்லை வகுத்துக்கொள்வதை நம் முன்னோர் நோன்பாக வைத்தனர். காலம் நமக்கு வகுத்த எல்லையை நாமே வகுத்ததாக ஏற்றுக்கொண்டோம்; மனம் அமைதியுற்றது.

இல்லத்திலேயே ஒரு கயிலை உண்டு. மாக மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியன்று விருஷபதேவரின் நிர்வாண பூசையைச் செய்யும்போது குழந்தைகளை அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கூழாங்கல்லை அவர்கள் கையில் கொடுத்து, கயிலை எவ்வாறு உண்டாயிற்று என்று சொல்லுங்கள். அவர்கள் வினா எழுப்பினால் உட்காரச் சொல்லாதீர்கள். விடை தெரிந்தால் கூறுங்கள்; தெரியாவிட்டால் தெரியாது என்று கூறுங்கள். அன்று அடக்கப்பட்ட அப்பெண் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டியாக இருப்பாள். இவ்விதழ் அவள் வீட்டிற்கும் வரக்கூடும். அவளிடம் மன்னிப்பை வேண்டி இவ்வுரையை முடிக்கின்றோம்.

நற்காட்சி நிலைபெறுக. நல்ஞானம் வளர்க. நல்லொழுக்கம் ஓங்குக.